பாலியல் உச்சம் யாருக்கு எப்படி இருக்கு, அதை எப்படி அளக்குறாங்க? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

நான் படிச்சது உளவியல். அதுலயும் என் வேலை கேள்வித்தாள் தயாரிக்கிறது, ஒரு கேள்வி உண்மையிலேயே கேக்க வேண்டியதைக் கேக்குதானு சோதிக்கிறது. ஒரு தடவை பாலியல் ஆய்வுகள் பத்தி பேசினேன், அதுல இருந்து ஒரே மாதிரி கேள்விங்க வந்துக்கிட்டே இருக்கு. கல்யாணமாகி 20 வருஷமானவங்களும் கேக்குறாங்க, அடுத்த மாசம் கல்யாணம்ங்கிற பசங்களும் கேக்குறாங்க. அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியைப் போட்டிருக்கேன், பேர் எதுவும் போடல.

உச்சக்கட்டம்னா விந்து வெளிய வர்றதுதானே? அப்போ பொண்ணுங்களுக்கு எப்படி?

ரெண்டும் வேற வேற விஷயம். ஆண்களுக்கு பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தே நடக்குறதால ஒண்ணுனு தோணுது. புரோஸ்டேட் சுரப்பியை எடுத்த ஆண்களுக்கு விந்து வராது, ஆனா அவங்கள்ல பலருக்கு உச்சம் வருது. விந்து வெளியேறி பெருசா எந்த சுகமும் தெரியாம போறதும் உண்டு.

உச்சம்ங்கிறது கிளர்ச்சி ஏறி ஏறி ஒரு இடத்துல உடைஞ்சு, இடுப்படித் தசை எல்லாம் சுருங்கி விரிஞ்சு, மனசுல ஒரு சில செகண்ட் வேற எதுவும் இல்லாம போயி, அப்புறம் உடம்பு தளர்றது. இது ஆண் பெண் ரெண்டு பேருக்கும் இருக்கு.

அக்கா, அது ஃபீலிங்தானே, அதைப் போய் எப்படி அளப்பாங்க?

வலியும் ஃபீலிங்தான். ஆனா டாக்டர்கிட்ட போனா "எப்படி வலிக்குது, குத்துதா, எரியுதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா"னு கேக்குறாங்க இல்லையா. கனடால மான்ட்ரியல் நகரத்துல இருக்குற மெக்கில் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் மெல்சாக்னு ஒருத்தர் 1975ல இதையே ஒழுங்கு பண்ணி வலிக்கு ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்தார். வலியைச் சொல்ற வார்த்தைகளைக் குழு குழுவா பிரிச்சு, எது பொருந்துதுனு நோயாளியையே சொல்ல வெச்சார். இன்னிக்கும் உலகம் பூரா அது பயன்பாட்டுல இருக்கு. அதே மெக்கில்லதான் கென்னத் மா, யிட்சக் பினிக்னு ரெண்டு பேர் 2002ல உச்சத்துக்கு அதே வழியில ஒரு அளவுகோல் போட்டாங்க. அது பத்தி கொஞ்சம் கீழ விரிவா வருது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா பாதி குழப்பம் இதனாலதான் வருது. உச்சத்தைப் பத்தி அளக்க மூணு தனித்தனி சமாச்சாரம் இருக்கு: எத்தனை தடவை வருது, வரும்போது உடம்புல என்ன நடக்குது, அந்த ஆளுக்கு உள்ளுக்குள்ள அது எப்படி இருக்கு. நியூஸ்ல "ஆய்வு சொல்கிறது"னு வரும்போது இதுல எது அளந்தாங்கனு சொல்றதே இல்ல, படிக்கிறவங்க மூணையும் ஒண்ணாக்கி சண்டை போட்டுக்கிறாங்க.

மெஷின் வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது, எதுக்கு ஆளைக் கேக்கணும்?

மெஷின் வெச்சும் பாத்திருக்காங்க, நிறையவே. அமெரிக்கால செயின்ட் லூயிஸ் நகரத்துல மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு பேர் ஆய்வுக்கூடத்துலயே தன்னார்வலர்களோட உடம்புல நடக்குறதைப் பதிவு பண்ணி 1966ல முடிவுகளை வெளியிட்டாங்க. உச்சம் வரும்போது தசைச் சுருக்கம் சுமார் 0.8 செகண்டுக்கு ஒரு தடவைங்கிற வேகத்துல தொடங்குது, அது ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி அதேதான்னு சொன்னது அவங்கதான். அந்தக் காலத்துல அது பெரிய விஷயம், ஏன்னா பெண்ணோட உச்சம்னு ஒண்ணு உடம்புல நடக்குதுங்கிறதையே சந்தேகப்பட்டவங்க அப்போ இருந்தாங்க.

ஆனா அடுத்து வந்தவங்க ஒரு சிக்கலைப் பாத்தாங்க. மினசோட்டா பல்கலைக்கழகத்துல போலன்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் 1980ல ஆண்களையும் 1982ல பெண்களையும் அழுத்தம் அளக்குற கருவி வெச்சுப் பதிவு பண்ணினப்போ, சில பெண்கள் உச்சம் வந்துச்சுனு சொன்னாங்க, ஆனா சீரான சுருக்கம் பதிவாகல. 1985ல லெவின், வாக்னர்னு ரெண்டு பேர் பெண்ணுறுப்புல ரத்த ஓட்டத்தை அளந்தாங்க. ரத்த ஓட்டம் எவ்வளவு ஏறுச்சுங்கிறதுக்கும் அந்தப் பெண் "எனக்கு இவ்வளவு பலமா இருந்துச்சு"னு குடுத்த மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே கிடைக்கல. இன்னொண்ணு, எவ்வளவு நேரம் நீடிச்சுதுனு கேட்டா பெண்கள் சொன்னது சராசரியா 12 செகண்ட் போல, ஆய்வாளர்கள் அளந்தது 20 செகண்ட் போல. நேரமே தெரியாம போறதுதானே அந்த அனுபவம், அப்போ யாரு கடிகாரம் பாப்பாங்க.

அதனால மெஷின் சுருக்கத்தை அளக்கும், ரத்தத்தை அளக்கும். எப்படி இருந்துச்சுனு தெரியணும்னா அந்த ஆளைத்தான் கேக்கணும், வேற வழியே கிடையாது.

சரி நேரா சொல்லுங்க, யாருக்கு சுகம் அதிகம், ஆணுக்கா பெண்ணுக்கா?

இந்தக் கேள்வியை மொதல்ல கேட்டது நீங்க இல்ல. மகாபாரதத்துல அனுசாசன பர்வத்துல தர்மர் பீஷ்மர்கிட்ட இதையேதான் கேக்குறார். பீஷ்மர் பங்காஸ்வனன்னு ஒரு ராஜா கதையைச் சொல்றார். இந்திரன் கோபத்தால ஒரு குளத்துல குளிச்சு பெண்ணா மாறிட்ட ராஜா, ஆணா இருந்தப்போ 100 பிள்ளை, பெண்ணா ஆனப்புறம் இன்னொரு 100 பிள்ளை. கடைசியில இந்திரன் மனமிறங்கி திரும்ப ஆணாக்கட்டுமானு கேட்டா வேண்டாம், பெண்ணாவே இருக்கேன், சேர்க்கையில பெண்ணுக்குத்தான் சுகம் அதிகம்னு அவ சொல்லிடுறா. கிரேக்கத்துலயும் இப்படியே டைரீசியஸ்னு ஒருத்தர் கதை இருக்கு, ரெண்டு பாலாவும் வாழ்ந்தவர், 10 பங்குல 9 பங்கு பெண்ணுக்குனு தீர்ப்பு சொல்லி ஹேரா தேவிகிட்ட கண்ணைப் பறிகொடுத்தவர். காமசூத்திரம் எழுதின வாத்ஸ்யாயனரும் இதை வாதமா எடுத்துக்கிட்டு, முன்னாடி இருந்த ஆசிரியர்கள் வேற வேற சொன்னாலும், ரெண்டு பேரும் ஒரே இனம், ஒரே காரியத்தைத்தான் தேடுறாங்க, அப்போ சுகமும் ஒண்ணுதான்னு முடிக்கிறார்.

ஆய்வுன்னு பாத்தா வாத்ஸ்யாயனர் பக்கம்தான் சாயுது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல வான்ஸ், வாக்னர்னு ரெண்டு பேர் (மேல சொன்ன வாக்னர் வேற ஆள்) 1976ல ஒரு அழகான சோதனை பண்ணினாங்க. மாணவர்களை உச்சம் எப்படி இருக்கும்னு எழுதச் சொல்லி, ஆண்கள் எழுதினது 24, பெண்கள் எழுதினது 24, மொத்தம் 48 எடுத்து, உறுப்பு பேரு மாதிரி காட்டிக்குடுக்குற வார்த்தையைப் பொதுவா மாத்தி, 70 பேர்கிட்ட குடுத்து எது ஆண் எழுதினது எது பெண் எழுதினதுனு கேட்டாங்க. அந்த 70 பேரும் சாதாரண ஆளுங்க இல்ல, மகப்பேறு டாக்டர்கள், உளவியலாளர்கள், மருத்துவ மாணவர்கள். யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியல. பெண் நடுவர்களுக்கும் தெரியல, ஆண் நடுவர்களுக்கும் தெரியல.

வார்த்தையை மாத்திட்டுக் கேட்டா எல்லாம் ஒண்ணாத்தானே தெரியும்? அது ஏமாத்து இல்லையா?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு கணக்கு வாத்தியார். ஏமாத்து கிடையாது, ஆனா அந்த சோதனைக்கு எல்லை இருக்கு. பிரிச்சுச் சொல்ல முடியலங்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அனுபவமே ஒண்ணா இருக்கலாம். இன்னொண்ணு, அனுபவம் வேறயா இருந்தும் அதைச் சொல்ல எல்லாருக்கும் கையில இருக்குற வார்த்தை அதே நாலு வார்த்தையா இருக்கலாம். சக்கரைப் பொங்கலையும் பால்கோவாவையும் சாப்பிட்டவங்க ரெண்டு பேரும் "நல்ல இனிப்பு"னு எழுதினா படிக்கிறவருக்கு எது எதுனு எப்படித் தெரியும்.

அதனாலதான் எழுதச் சொல்றதோட நிறுத்தாம, வார்த்தைகளை நாமே எடுத்துக் குடுத்து ஒவ்வொண்ணுக்கும் மதிப்பெண் போடச் சொல்ற முறை தேவைப்பட்டுச்சு. மெக்கில் அளவுகோல் அங்கதான் வருது.

அந்த மெக்கில் கேள்வித்தாள்ல என்னதான் கேக்குறாங்க?

28 வார்த்தை. உங்களுக்குக் கடைசியா வந்த உச்சத்தை நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையும் எவ்வளவு பொருந்துதுனு 0ல இருந்து 5 வரைக்கும் போடணும், 0னா பொருந்தவே இல்ல, 5னா அப்படியே பொருந்துது. இதை ரெண்டு தடவை போடணும், துணையோட இருந்தப்போ வந்ததுக்கு ஒரு தடவை, தனியா சுய இன்பத்துல வந்ததுக்கு ஒரு தடவை.

வார்த்தைங்க ரெண்டு பெரிய கூடையில விழுது. ஒண்ணு உடம்புல உணர்றது: ஏறிக்கிட்டே போறது, வெள்ளமா பரவுறது, சூடு ஏறி சிவக்குறது, பீறிட்டு அடிக்கிறது, துடிக்கிறது, உடம்பு முழுக்க நடுங்குறது. இன்னொண்ணு மனசுல உணர்றது: திருப்தி, தளர்ந்து அமைதியாகுறது, துணையோட நெருக்கம், பரவசம்.

கிடைச்ச முடிவைப் பாத்து நானே கொஞ்ச நேரம் அசந்துட்டேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வந்தது பீறிட்டு அடிக்கிறதுங்கிற ஒரு குழுவுலதான், அது ஆண்களுக்கு அதிகம், விந்து வெளியேறுறதை நினைச்சா அது இயல்புதான். மத்தபடி ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடம். அதைவிட பெரிய வித்தியாசம் எங்க வந்துச்சுன்னா, தனியா இருந்தப்போ, துணையோட இருந்தப்போங்கிற ரெண்டுக்கும் நடுவுல. ஆண் பெண்ங்கிற கோட்டை விட இந்தக் கோடு அழுத்தமா இருக்கு.

அப்போ எது பலம், தனியாவா ஜோடியாவா?

எதைக் கேக்குறீங்கங்கிறதைப் பொறுத்தது. மேல சொன்ன மனசுக் கூடை, அதாவது நெருக்கம், பரவசம், திருப்தி, துணையோட இருக்கும்போது நல்லா ஏறுது. ஆனா மாஸ்டர்ஸ், ஜான்சன் உடம்பை மட்டும் பதிவு பண்ணினப்போ தனியா செய்யும்போதுதான் சுருக்கம் பலமா இருக்குனு சொன்னாங்க. ரெண்டும் முரண் இல்ல, முதல்ல சொன்ன மூணுல ரெண்டாவதும் மூணாவதும் வேற வேற திசையில போறதுக்கு இது நல்ல உதாரணம்.

இவ்வளவு வார்த்தை எதுக்கு, 10க்கு எவ்வளவுனு ஒரே கேள்வி கேட்டா பத்தாதா?

அப்படியும் ஒண்ணு இருக்கு. இத்தாலில பாலியல் மருத்துவம் பாக்குற ஒரு குழு ஆர்காஸ்மோமீட்டர்னு பேர் வெச்சு 0ல இருந்து 10 வரைக்கும் ஒரே ஒரு கோடு குடுக்குது, தீவிரம் எவ்வளவுனு அதுல குறிக்கணும், பெண்களுக்கான வடிவத்தை 2018ல சரிபாத்து வெளியிட்டாங்க. கிளினிக்ல இது ரொம்ப உதவி. ஒரு மாத்திரை சாப்பிடுறதுக்கு முன்ன 7, சாப்பிட ஆரம்பிச்சப்புறம் 3னா டாக்டருக்கு உடனே புரியும்.

ஆனா ஒரே நம்பர்ல எது குறைஞ்சுதுனு தெரியாது. துடிப்பு அப்படியே இருந்து நெருக்கம் காணாமப் போயிருக்கலாம், நெருக்கம் அப்படியே இருந்து துடிப்பு மங்கியிருக்கலாம். ரெண்டுக்கும் 5தான் போடுவாங்க. முதலாவதுக்கு வீட்ல பேச வேண்டியிருக்கும், ரெண்டாவதுக்கு டாக்டரைப் பாக்க வேண்டியிருக்கும்.

ஒரு பொண்ணு 8 போடுறா, ஒரு பையன் 8 போடுறான். ரெண்டு 8ம் ஒண்ணுதான்னு எப்படி நம்புறது?

எனக்கு வந்ததுலயே ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. நிச்சயமா ஒண்ணுனு யாராலும் சத்தியம் பண்ண முடியாது, ஒருத்தர் அனுபவத்துக்குள்ள இன்னொருத்தர் போக முடியாது. குண்டூர் மிளகாய் சாப்பிட்டு வளர்ந்தவர் காரத்துக்கு 10க்கு 4 போடுவார், அதே குழம்பை தயிர் சாதம் சாப்பிட்டு வளர்ந்தவர் சாப்பிட்டா 9 போடுவார். குழம்பு ஒண்ணுதான், ஆளோட அளவுகோல் வேற. ஆண் பெண்ணுக்கு நடுவுல இது நடந்துச்சுன்னா நம்ம ஒப்பீடு எல்லாம் வீண்.

ஆனா முழுசா கைவிரிக்கவும் தேவையில்ல. கேள்வித்தாள் வேலை பாக்குறவங்க இதுக்கு ஒரு சோதனை வெச்சிருக்காங்க, அளவு மாறாமை சோதனைனு சொல்லலாம். ஒரே மாதிரி மொத்த மதிப்பெண் வாங்குற ஆண்கள் குழுவையும் பெண்கள் குழுவையும் எடுத்துக்கணும். அதுக்குள்ள ஒரு வார்த்தைக்கு மட்டும் பெண்கள் எப்பவும் தூக்கிப் போடுறாங்க, ஆண்கள் எப்பவும் இறக்கிப் போடுறாங்கன்னா அந்த வார்த்தை ரெண்டு பேருக்கும் வேற அர்த்தம் குடுக்குதுனு பிடிபடும். வார்த்தைங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குதுங்கிற அமைப்பும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், அதாவது ஆண்களுக்கு "நெருக்க"மும் "மென்மை"யும் ஒரே கூடையில விழுந்தா பெண்களுக்கும் அப்படியே விழணும்.

ஸ்பெயின்ல கிரனடா பல்கலைக்கழகத்துல ஹுவான் கார்லோஸ் சியெரா குழு இந்த வேலையை வருஷக்கணக்கா பொறுமையா பண்ணிக்கிட்டு வர்றாங்க. மெக்கில் அளவுகோலை ஸ்பானிஷ்ல கொண்டுபோயி, 2018ல ரெண்டு கூடைக்குப் பதிலா நாலு கூடையா இருக்குனு காட்டினாங்க: உணர்ச்சி, உடல் உணர்வு, நெருக்கம், அப்புறம் வெகுமதி, அதாவது தளர்வும் நிம்மதியும். 2019ல ஆண் பெண், வயசு, பாலியல் நாட்டம்னு பல குழுவா பிரிச்சு மாறாமை சோதிச்சப்போ, ஒப்பிடுறதுக்குத் தகுந்த அளவுல நிக்குதுன்னு முடிவு வந்துச்சு, ஓரிரு வார்த்தை மட்டும் கொஞ்சம் சாயுது. இந்த மாதிரி வேலை நியூஸ்ல வராது, தலைப்பு போட ஒண்ணும் இருக்காது. ஆனா இது இல்லாம "ஆணை விட பெண்ணுக்கு"னு எவன் எந்த நம்பர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இதைத் தமிழ்ல குடுத்தா வேலை செய்யுமா?

அப்படியே மொழிபெயர்த்தா செய்யாது. நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு வார்த்தை இல்லனு சொல்றவங்களை நிறைய பாத்துட்டேன், எனக்கு அது கோபம்தான் வரும். ஜிவ்வுனு ஏறுது, சிலிர்க்குது, வெலவெலத்துப் போச்சு, உள்ள எல்லாம் உருகுது, பாரம் இறங்குன மாதிரி இருக்கு, அப்படியே அடங்கிப்போச்சு... இதெல்லாம் நான் பேசின பெண்கள் கொஞ்ச நேரம் கூச்சம் விட்டதும் தானா வந்த வார்த்தைங்க. அதுல சிலது இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும்தான், ஆனா கேக்குறவங்களுக்கு ஒரு நொடியில புரியும்.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. எழுத்துத் தமிழ்ல "பேரின்பம்"னு போட்டா படிக்கிறவங்களுக்குக் கோயில் ஞாபகம் வருது. "பரவசம்"னா பாதி பேர் சாமி வந்து ஆடுறதை நினைக்குறாங்க. கொச்சையா போட்டா பெண்கள் தாளையே மூடி வெச்சுடுறாங்க. அதனால முதல்ல சாதாரண ஆளுங்களைப் பேச விட்டு வார்த்தை சேகரிச்சு, அதுல இருந்து தாள் தயாரிச்சு, அப்புறம் மேல சொன்ன மாறாமை சோதனையை மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தனித்தனியா வெக்கணும். "சுகமா இருந்துச்சு"ங்கிற ஒரு வார்த்தையே ரெண்டு ஊர்ல ஒரே எடையில வராது.

அனுபவம் ஒண்ணுதான்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் நிறைய பொண்ணுங்களுக்கு வர்றதே இல்லை?

இங்கதான் முதல்ல பிரிச்ச மூணு உதவும். வந்தா எப்படி இருக்குங்கிறதுல வித்தியாசம் குறைவு. எத்தனை தடவை வருதுங்கிறதுல வித்தியாசம் ரொம்பப் பெருசு. அமெரிக்கால 52,000 பேருக்கு மேல கலந்துக்கிட்ட ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு. சேரும்போது வழக்கமா அல்லது எப்பவுமே உச்சம் வருதுனு சொன்னவங்க, பெண்ணை நாடுற ஆண்கள்ல 95 சதவீதம், ஆணை நாடுற பெண்கள்ல 65 சதவீதம்.

இதைப் பாத்து "பொண்ணுங்க உடம்பே அப்படித்தான்"னு சொல்லிடாதீங்க, ஏன்னா அதே ஆய்வுல பெண்ணை நாடுற பெண்கள்ல 86 சதவீதம் பேருக்கு வருது. பெண் உடம்புதானே அதுவும். அப்போ வித்தியாசம் என்ன செய்யுறாங்கங்கிறதுல இருக்கு. அதே 2018ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுல, உறுப்பு உள்ள போயி வர்றது மட்டுமே உச்சத்துக்குப் போதும்னு சொன்ன பெண்கள் சுமார் 18 சதவீதம்தான். கிட்டத்தட்ட 37 சதவீதம் பேர் கிளிட்டோரிஸை, அதாவது பெண்ணுறுப்போட மேல்பக்கம் இருக்குற உணர்ச்சி மிகுந்த சின்ன உறுப்பை, தொட்டுத் தூண்டினாதான் வரும்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல நிறைய ஆண்களுக்கு அது எங்க இருக்குனே யாரும் சொல்லிக் குடுக்கல. பெண்களுக்கும்தான் சொல்லிக் குடுக்கல.

என் வைஃப்க்கு ஒவ்வொரு தடவையும் வருது. எனக்குத் தெரியாதா?

கோச்சுக்காதீங்க, தெரியாம இருக்க வாய்ப்பு இருக்கு. 2010ல வெளிவந்த ஒரு அமெரிக்க தேசிய ஆய்வுல, கடைசியா சேர்ந்தப்போ என் துணைக்கு உச்சம் வந்துச்சுனு ஆண்கள்ல 85 சதவீதம் பேர் சொன்னாங்க. எனக்கு வந்துச்சுனு சொன்ன பெண்கள் 64 சதவீதம்தான். 1990கள்ல நடந்த இன்னொரு பெரிய ஆய்வுலயும் இதே கதை. என் துணைக்கு எப்பவுமே வரும்னு ஆண்கள்ல 44 சதவீதம், எனக்கு எப்பவுமே வரும்னு பெண்கள்ல 29 சதவீதம்.

நடுவுல இருக்குற இடைவெளியில ஒரு பங்கு நடிப்பு. அமெரிக்க கல்லூரி மாணவர்கள்கிட்ட 2010ல வந்த ஒரு ஆய்வுல பெண்கள்ல பாதிப் பேரும், இதைக் கேட்டு ஆச்சரியப்படாதீங்க, ஆண்கள்ல 25 சதவீதம் பேரும் ஒரு தடவையாவது நடிச்சிருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்க. துணை மனசு கஷ்டப்படக் கூடாது, சீக்கிரம் முடிஞ்சா போதும்ங்கிற மாதிரிதான் காரணங்கள். உங்க மனைவி நடிக்கிறாங்கனு நான் சொல்லல. முகத்தையும் சத்தத்தையும் வெச்சு முடிவு பண்ணாதீங்கனுதான் சொல்றேன்.

நடிப்பை மெஷின் கண்டுபிடிக்குமா?

ஓரளவுக்கு. நெதர்லாந்துல க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்துல 2008ல பெண்கள்கிட்ட ஆசனவாயில அழுத்தக் கருவி வெச்சு, நிஜ உச்சம், போலியா செஞ்சு காட்டுறது, முயற்சி பண்ணியும் வராம போனதுனு மூணையும் ஒப்பிட்டாங்க. நிஜத்துல மட்டும் செகண்டுக்கு 8ல இருந்து 13 தடவைங்கிற வேகத்துல ஒரு நடுக்கம் தெளிவா வந்துச்சு, வேணும்னே தசையைச் சுருக்கினா அது வராது. ஆய்வுக்கூடத்துக்கு இது நல்ல கருவி. வீட்ல சந்தேகம் தீர்க்க இதை வாங்கலாமானு கேட்டவருக்கு: வேண்டாம் சார். உங்க மனைவிகிட்ட அளவு கருவியோட போற நிலைமை வந்துச்சுன்னா பேச வேண்டிய பேச்சு வேற.

மூளை ஸ்கேன்ல ஆணும் பெண்ணும் வேறனு படிச்சேனே?

அதே க்ரோனிங்கன்ல யானிஸ் ஜியார்ஜியாடிஸ் குழு 2009ல ஆண் பெண் மூளைகளை ஒப்பிட்டாங்க. உறுப்பைத் தொட்டுத் தூண்டும்போது தெளிவான வித்தியாசம் இருந்துச்சு, ஆனா உச்சம் வர்ற நேரத்துல ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணு போலவே ஆகிடுது. போற பாதை வேற, சேர்ற இடம் கிட்டத்தட்ட ஒண்ணு. நீங்க படிச்ச செய்தில முதல் பாதியை மட்டும் எடுத்திருப்பாங்க.

இன்னொரு ஆச்சரியம் அமெரிக்கால ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்து வந்துச்சு. பேரி கோமிசாருக், பெவர்லி விப்பிள் குழு முதுகுத்தண்டு முழுசா அடிபட்ட பெண்களைப் பாத்தாங்க, இடுப்புக்குக் கீழ உணர்வே இருக்காதுனு டாக்டர்கள் சொல்லி அனுப்பினவங்க. அவங்கள்ல சிலருக்கு உச்சம் வந்துச்சு, ஸ்கேன்லயும் தெரிஞ்சுது. முதுகுத்தண்டு வழியா போகாம வேகஸ்ங்கிற நரம்பு வழியா சேதி நேரா மூளைக்குப் போகுதுனு விளக்கம் குடுத்தாங்க. "உங்களுக்கு இனிமே எதுவும் தெரியாது"னு சொல்லிட்ட ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க சொன்னதை நம்பி அளந்ததாலதான் இது வெளிய வந்துச்சு.

திருநங்கைகள், திருநம்பிகள் ரெண்டையும் பாத்தவங்க இல்லையா, அவங்களைக் கேட்டா முடிஞ்சுதே?

பங்காஸ்வனன் கதையை நிஜத்துல கேக்குற மாதிரி. பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல 2005ல பால் மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சவங்ககிட்ட உச்சம் எப்படி இருக்குனு கேட்டாங்க. திருநங்கைகள் பலர் இப்போ இன்னும் தீவிரமா, மென்மையா, அதிக நேரம் இருக்குனு சொன்னாங்க. திருநம்பிகள் பலர் இப்போ இன்னும் வலுவா, ஆனா குறைஞ்ச நேரம் இருக்குனு சொன்னாங்க.

ஆனா இது தீர்ப்பு ஆகாது. ஹார்மோன் மாறியிருக்கு, உறுப்பு மாறியிருக்கு, அதைவிட முக்கியமா தன் உடம்பு தன்னுதுனு முதல் தடவையா உணர்றாங்க. எது எதனாலனு பிரிக்க முடியாது. 55 பேர்தான் இருந்தாங்க. எனக்கு அதுல பெருசா பட்டது என்னன்னா, ரெண்டு பக்கத்துக்காரங்களும் மாற்றம் நல்லதுக்குனு சொல்றாங்க. மாறினது எந்தப் பக்கமா இருந்தாலும்.

எல்லாம் வெள்ளைக்கார காலேஜ் பசங்ககிட்ட எடுத்தது, நமக்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான ஆட்சேபம். இந்தத் துறையோட பெரிய ஓட்டை இது. 1976 சோதனையும் மாணவர்கள், 2002 அளவுகோலும் மாணவர்கள். போதாததுக்கு இந்த மாதிரி ஆய்வுக்குத் தானா முன்வர்றவங்க கூச்சம் குறைஞ்சவங்களாத்தான் இருப்பாங்க, ஆய்வுக்கூடத்துல கருவி மாட்டிக்கச் சம்மதிக்கிறவங்க இன்னும் அதிகமா. கிரனடா குழு 18 வயசுல இருந்து முதியவர்கள் வரைக்கும் சேத்துக்கிட்டது அதனாலதான் எனக்கு முக்கியமாப் படுது.

எத்தனை பேருக்கு வருதுங்கிற சதவீதங்களை அப்படியே நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வராதீங்க. அது தனியறை இருக்கா, கூட்டுக்குடும்பமா, கர்ப்பம் பத்தின பயம் இருக்கா, பேச முடியுதாங்கிறதை எல்லாம் பொறுத்து மாறும். தசையும் நரம்பும் வேலை செய்யுற விதம் மட்டும் தாம்பரத்துலயும் டொரொன்டோவுலயும் ஒண்ணுதான்.

எனக்கு 34 வயசு, ரெண்டு குழந்தை, இதுவரைக்கும் வந்ததே இல்ல. அப்போ நான் 0வா?

இல்லம்மா. மெக்கில் தாள்ல உங்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அது வந்த உச்சத்தை விவரிக்கிறதுக்கான தாள், ஆளுக்கு மார்க் போடுற தாள் இல்ல. உங்களை மாதிரி கேட்டவங்க எனக்கு நிறைய பேர், எண்ணிக்கை வெச்சுக்கல, ஆனா ஆண்டுக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு ஒரு வரியில எழுதிட்டுப் போயிடுறாங்க. மனசு கனத்துப் போகும்.

பல பேருக்கு முதல்ல தனியா, அவசரமில்லாம, தன் உடம்பைத் தானே தெரிஞ்சுக்கும்போது வருது, மேல சொன்ன 37 சதவீதத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. முன்ன வந்துக்கிட்டிருந்து இப்போ நின்னு போச்சுன்னா அது வேற கதை. மனச்சோர்வுக்குக் குடுக்குற சில வகை மாத்திரைங்க, சர்க்கரை நோய்ல நரம்பு பாதிக்கிறது, ஹார்மோன் மாற்றம்னு காரணம் இருக்கலாம். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே "இதுல இருந்து எனக்கு உச்சம் வரமாட்டேங்குது"னு அந்த வார்த்தையிலயே சொல்லுங்க, மாத்திக் குடுக்க வழி இருக்கு. சொல்லக் கூச்சமா இருந்தா ஒரு சீட்டுல எழுதி நீட்டுங்க, ஆண் டாக்டரா இருந்தாலும் பரவாயில்ல.

வீட்ல இதைக் கேக்கணும்னா எப்படிக் கேக்குறது? "வந்துச்சா"னு கேட்டா ஆமானு சொல்லிடுறா.

"வந்துச்சா"ங்கிறது ஆமா, இல்லைனு ரெண்டே பதில் இருக்குற கேள்வி, அதுல ஒண்ணு உங்க மூஞ்சியை வாட வெக்கும். அதான் இன்னொண்ணு வருது. ஆய்வாளர்கள் 50 வருஷமா கஷ்டப்பட்டு வார்த்தைப் பட்டியல் போட்டது இந்தச் சிக்கலுக்கும் உதவும். அந்த நேரத்துல கேக்காதீங்க, மறுநாள் காலைல காபி குடிக்கும்போதோ, பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறமோ, முதல்ல உங்களுக்கு எப்படி இருந்துச்சுனு நீங்க சொல்லுங்க. நடுங்குச்சா, சட்டுனு முடிஞ்சுதா, அப்புறம் மனசு லேசாச்சா, தூக்கம் வந்துச்சா, இல்ல தனியா இருக்குற மாதிரி இருந்துச்சானு. ஆண்கள் இதைச் சொல்லி அவங்க மனைவிங்க பெரும்பாலும் கேட்டதே இல்ல.

அப்புறம் "உனக்கு எந்த இடத்துல நல்லா இருந்துச்சு, எந்த இடத்துல நின்னு போச்சு"னு கேளுங்க. முதல் தடவை ஒண்ணும் சொல்லாம எழுந்து சமையலறைக்குப் போயிடலாம். விடுங்க, பின்னாடியே போய்க் கேக்காதீங்க. இதைக் கேட்டவர் மூணு வாரம் கழிச்சு எழுதியிருந்தார், பாத்திரம் கழுவிக்கிட்டே திரும்பாம அவங்க மனைவி ஒரே ஒரு வரி சொன்னாங்களாம்: "கொஞ்சம் மெதுவா."